ஹென்றி ஃபோர்டின் சோயா கார் மக்குமா?

ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ரொம்ப வருஷமா இணையத்துல சுத்திக்கிட்டு இருக்கு. கோட்டு போட்ட ஒல்லியான பெரியவர் ஒருத்தர் ஒரு காரோட பின்பக்கத்தை கோடாலியால் அடிக்கிறார். கூடவே ஒரு குறிப்பு வரும். 1941-ல் ஃபோர்டு கஞ்சாச் செடியிலேயே கார் செஞ்சாராம். எஃகைவிட பத்து மடங்கு உறுதியாம், தூக்கிப் போட்டா மண்ணோட மண்ணா மக்கிடுமாம். எண்ணெய்க் கம்பெனிக்காரங்க சதி பண்ணி அதை ஒழிச்சுட்டாங்களாம். "அனைவருக்கும் பகிரவும்".

படத்துல இருக்கிறது ஹென்றி ஃபோர்டேதான். அதுல சந்தேகம் இல்லை. ஆனா அந்தப் படம் 1941 இல்லை, 1940 நவம்பர். அவருக்கு அப்போ 77 வயசு. அடி வாங்குற வண்டியும் அந்தப் புகழ்பெற்ற "சோயா கார்" இல்லை. அது அவரோட சொந்தக் கார், டிக்கி மூடியை மட்டும் பிளாஸ்டிக்கில் செஞ்சு மாட்டியிருந்தாங்க. இன்னொரு விஷயம், கோடாலியோட கூர் முனைக்கு ரப்பர் உறை போட்டிருந்தது. வாடிக்கையாளர் முன்னாடி ஒரு தடவையாவது டெமோ காட்டின என்னை மாதிரி மென்பொருள் ஆசாமிகளுக்கு அந்த ரப்பர் உறையின் அருமை தனியா விளக்கத் தேவையில்லை :-)

ஆனா வதந்தியைக் கிண்டல் பண்ணிட்டுப் போக இதை எழுதலை. நிஜக் கதை இந்த சதிக் கதையைவிட சுவாரஸ்யமானது. செடியிலிருந்து எடுத்த புரதத்தை வச்சு பிளாஸ்டிக் செய்யறதுக்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னாடியே கோடிக்கணக்கில் கொட்டினாங்க, தொழிற்சாலை கட்டினாங்க, துணி நெய்து உடுத்திக்கிட்டாங்க. அவங்க ராத்திரி பகலா முட்டி மோதினது ஒரே ஒரு பிரச்சினையோட: இந்தச் சனியன் ஏன் இப்படி ஊறிப் போகுது, மக்கிப் போகுது? இன்னைக்கு நாம அதே பொருளைத் தேடிப் போறது எதுக்காக? அது மக்கும் என்பதற்காக!

முதல்ல, புரதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் என்ன சம்பந்தம்?

பிளாஸ்டிக் என்பது நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். புரதமும் அப்படித்தான், அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. ஆனா விதைக்குள் இருக்கும்போது நேரா இருக்காது, நூல்கண்டைக் குழந்தை கையில் கொடுத்த மாதிரி சுருண்டு உருண்டு கிடக்கும். காரமோ சூடோ கொடுத்து அந்தச் சிக்கலைப் பிரிக்கலாம். பிரிந்த சங்கிலிகளை அழுத்தி வார்த்தா தகடு, நுண்துளை வழியா இழுத்தா நூல். அப்புறம் ஃபார்மால்டிஹைடு என்கிற ரசாயனத்தில் ஊற வச்சா, பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளுக்கு நடுவே அது பாலம் போட்டு இறுக்கிடும். (உயிரியல் ஆய்வுக்கூடத்தில் தவளையை ஜாடியில் போட்டு வைக்கிற அதே ஃபார்மலின்தான். அங்கேயும் இதே வேலையைத்தான் செய்யுது.)

இதை முதலில் வியாபாரமா ஆக்கினது செடிப் புரதத்தில் இல்லை, பாலில். ஜெர்மனியில் ஹானோவர் நகரத்து அச்சக முதலாளி வில்ஹெல்ம் கிரிஷேயும், அடால்ஃப் ஷ்பிட்டெலர் என்ற வேதியியலாளரும் சேர்ந்து பால் புரதத்தை ஃபார்மால்டிஹைடில் இறுக்கி 1899-ல் காப்புரிமை வாங்கினாங்க. கிரிஷே தேடினது பள்ளிக்கூடத்துக்கு ஒரு வெள்ளைச் சிலேட்டு, கிடைச்சது கொம்பு மாதிரி ஒரு பொருள். பேர் காலலித், அதாவது பால் கல். ஐரோப்பா முழுக்க சட்டைப் பொத்தான், சீப்பு, பேனா எல்லாம் இதில் வந்தது. ஷ்பிட்டெலர் வீட்டுப் பூனை ஃபார்மால்டிஹைடு பாட்டிலை பால் கிண்ணத்தில் தட்டிவிட்டதால்தான் இது பிறந்ததுன்னு ஒரு கதையும் உண்டு. எல்லாக் கண்டுபிடிப்புக்கும் இப்படி ஒரு பூனையோ ஆப்பிளோ தேவைப்படுது போல. காலலித்தில் பெரிய தலைவலி நேரம். தகடு தடிமனா இருந்தா ரசாயனம் உள்ளே ஊறிப் போக மாசக்கணக்கில் ஆகும். பொத்தானுக்குக் காத்திருக்கலாம், காருக்கு முடியுமா?

இப்போ ஃபோர்டுக்கு வருவோம்.

1929-ல் பங்குச்சந்தை சரிந்து அமெரிக்கா படுத்துக்கிச்சு. விவசாயிகள் அதுக்கு முன்னாடியே படுத்திருந்தாங்க. விளைச்சல் ஏராளம், விலை கிடையாது. 1933-ல் ரூஸ்வெல்ட் அரசாங்கம் எடுத்த வழி, பயிரைக் குறைக்கச் சொல்லிக் காசு கொடுக்கறது. வளர்ந்து நின்ன பருத்தியை உழுது மண்ணுக்குள்ளேயே தள்ளினாங்க, பன்றிக்குட்டிகளை லட்சக்கணக்கில் கொன்னாங்க. விவசாயி மகனான ஃபோர்டுக்கு இது பிடிக்கலை. சாப்பிட ஆளில்லாத விளைச்சலைத் தொழிற்சாலை வாங்கட்டும் என்பது அவர் கட்சி. (விவசாயிக்கு காசு வந்தா அவன் ஃபோர்டு டிராக்டரும் வாங்குவான் என்பதையும் சேர்த்துத்தான் படிக்கணும். அவர் ஒண்ணும் புத்தர் இல்லை. யூதர்களைப் பத்தி வெறுப்பைக் கக்கி ஒரு பத்திரிகையே நடத்தினவர்.) இந்தக் கொள்கைக்கு வில்லியம் ஹேல் என்ற வேதியியலாளர் 1934-ல் கெமர்ஜி என்று பேர் வச்சார். மறு வருஷமே விவசாயிகள், தொழிலதிபர்கள், விஞ்ஞானிகள் எல்லாரையும் சேர்த்து டியர்பார்னில் ஒரு பெரிய மாநாடு நடந்தது.

ஃபோர்டோட ஆய்வுக்கூடமும் அந்த டியர்பார்னில்தான், மிச்சிகன் மாநிலம். பொறுப்பாளரா அவர் போட்டது ராபர்ட் பாயர் என்ற பையனை. பையன்னா நிஜமாவே பையன், 1909-ல் பிறந்தவர். ஃபோர்டு விலைக்கு வாங்கின பழைய விடுதி ஒன்றை நிர்வகித்தவரோட மகன். பல்கலைக்கழகத்துக்கெல்லாம் அனுப்பாம ஃபோர்டு தன்னோட தொழிற்பள்ளியில் சேர்த்துவிட்டார். காரட், முட்டைக்கோஸ், சூரியகாந்தி, மக்காச்சோளத் தட்டைன்னு கண்டதையும் கொண்டு வந்து கொட்டுவாங்க, பசங்க வேக வச்சு, பிழிஞ்சு, காய்ச்சி வடிச்சுப் பார்ப்பாங்க. 1931 வாக்கில் எல்லாத்தையும் ஓரங்கட்டிட்டு சோயாவுக்கு வந்து நின்னாங்க.

காரணம் எளிமையானது. சோயா விதையில் கிட்டத்தட்ட 40 சதவீதம் புரதம், 20 சதவீதம் எண்ணெய். ரெண்டும் காசு. எண்ணெய் காருக்கு அடிக்கிற எனாமல் பெயின்ட்டுக்குப் போச்சு. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சின பிண்ணாக்கு பிளாஸ்டிக்குக்கு. ஹாரன் பொத்தான், கியர் குமிழ், கதவுக் கைப்பிடி, ஆக்சிலேட்டர் பெடல் எல்லாம் அதில் வார்த்தாங்க. 1930-களின் நடுவில் ஒவ்வொரு ஃபோர்டு காருக்குள்ளேயும் ஒரு புஷல் சோயா, அதாவது சுமார் 27 கிலோ விதை, ஏதோ ஒரு ரூபத்தில் உட்கார்ந்திருந்தது. ஆய்வுக்கு மட்டும் 1932, 33 ரெண்டே வருஷத்தில் பன்னிரண்டரை லட்சம் டாலர் செலவு. அது பஞ்ச காலம், அந்தக் காலத்து டாலர்.

மனுஷனுக்கு சோயாப் பித்து தலைக்கேறிடுச்சு. 1934 சிகாகோ உலகக் கண்காட்சியில் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு முதல் அயிட்டத்திலிருந்து கடைசி வரைக்கும் சோயாவிலேயே விருந்து போட்டார். தக்காளி ஜூஸில் சோயா, சீஸ் சோயா, கேக்கு சோயா, குடிக்க சோயாப் பால். பாவம் நிருபர்கள். பசு மாட்டைக் கண்டாலே அவருக்கு ஆகாது, அது ஒரு உருப்படாத இயந்திரம் என்பது அவர் கருத்து.

சரி, அந்த பிளாஸ்டிக் எப்படி இருந்தது என்பதுதான் விஷயமே. வெறும் சோயாப் புரதத்தை ஃபார்மால்டிஹைடில் இறுக்கினா கிடைக்கிறது பார்க்க அழகா, கெட்டியா இருக்கும். ஆனா தண்ணி ஆகாது. புரதச் சங்கிலி முழுக்க தண்ணீரைப் பிடிச்சு இழுக்கிற கொக்கிகள். நம்ம வீட்டு அப்பளத்தை நினைச்சுக்கோங்க, அதுவும் உளுந்தோட புரதமும் மாவுச்சத்தும் கலந்த தகடுதானே. நல்லாக் காய்ஞ்சா தொட்டதும் நொறுங்கும். மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வச்சா நமத்துப் போகும். நொறுங்காம இருக்கணும்னா உள்ளே கொஞ்சம் ஈரமோ கிளிசரினோ வேணும், அது இருந்தா நமத்துப் போகும். இதுக்கு நடுவில் மாட்டிக்கிட்டு முழிச்சாங்க. வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டிய கார் ஊதிப் பெருத்து, கோணி, பூசணம் பிடிச்சா யார் வாங்குவாங்க?

பாயரோட ஆட்கள் கண்ட தீர்வு: பேக்கலைட் வகை பீனால் ரெசினைச் சேர்த்துக் கலக்கறது. அது சரியான முரட்டுப் பிளாஸ்டிக். ஒரு தடவை இறுகினா உருகாது, ஊறாது, எந்தக் கிருமியும் சுலபத்தில் கடிக்காது. ஆனா விலை ஜாஸ்தி. சோயாவைச் சேர்த்தா செலவு குறையும், ரெசினைச் சேர்த்தா நமப்பு குறையும்.

1941 ஆகஸ்ட் 13 அன்று டியர்பார்ன் திருவிழாவில் வெளியே வந்த அந்த ஒரே ஒரு கார் இந்த வழியில் பிறந்ததுதான். எஃகுக் குழாயில் எலும்புக்கூடு, அதன்மேல் 14 பிளாஸ்டிக் தகடுகள், ஜன்னலுக்கு அக்ரிலிக். எடை சுமார் 900 கிலோ, வழக்கமான எஃகுக் காரைவிட 450 கிலோ குறைவு. தகட்டின் துல்லியமான செய்முறை எழுதின ஆவணம் இன்று இல்லை. அதனால்தான் கஞ்சா, கோதுமை, சணல்னு ஆளாளுக்கு ஒரு பட்டியல் சொல்றாங்க. ஆனா அந்தக் காரை உருவாக்குவதில் நேரடியாக வேலை பார்த்த லோவல் ஓவர்லி பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னது, பீனால் ரெசினில் சோயா நார், ஊற வைக்க ஃபார்மால்டிஹைடு.

ஆக, இது தாவரத்தில் இருந்து வந்த கார், ஆனா மக்குற கார் இல்லை. மக்கக் கூடாதுன்னு பாடுபட்டுத்தான் அதைச் செஞ்சாங்க. எதிலிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, கடைசியில் என்னவாகும் என்பது வேற கேள்வி. இப்போ கடையில் "தாவர பிளாஸ்டிக்"னு பச்சை இலை படம் போட்டு விக்கிறதைப் பார்க்கும்போதும் இதே குழப்பம்தான். பிரேசிலில் 2010-லிருந்து கரும்புச் சாராயத்தை வச்சு பாலித்தீன் செய்யறாங்க. நூற்றுக்கு நூறு கரும்பு, ஆனா பெட்ரோலியப் பாலித்தீன் எத்தனை காலம் மக்காம கிடக்குமோ இதுவும் அத்தனை காலம் கிடக்கும். மறுபக்கம், பெட்ரோலியத்திலிருந்து வந்து உரக்குழியில் மக்குற பிளாஸ்டிக்கும் உண்டு. பச்சை இலை படம் ரெண்டாவது கேள்விக்குப் பதிலே சொல்லாது.

அந்தக் காருக்கு என்ன ஆச்சு? டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதல், 1942 பிப்ரவரியோட அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நின்னு போச்சு. ரெண்டாவது கார் பாதியில் நின்னது. முதல் காரை ஃபோர்டின் வடிவமைப்பாளர் யூஜீன் கிரெகரியே அழிச்சுட்டார். சதி எதுவும் தேவைப்படலை. போர் முடிஞ்சப்போ பெட்ரோலியப் பிளாஸ்டிக் மலிவா வந்து குவிஞ்சிருந்தது. சோயாப் பிண்ணாக்குக்கோ கோழிப்பண்ணையில் நல்ல கிராக்கி. ஃபோர்டும் 1947-ல் போயிட்டார்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இதே கதை வேற வேஷத்தில் நடந்தது. இங்கே சோயாவுக்குப் பதில் வேர்க்கடலை, காருக்குப் பதில் கோட்டு. இங்கிலாந்தின் லீட்ஸில் வில்லியம் ஆஸ்ட்பரி என்ற இயற்பியலாளர் எக்ஸ்ரே வச்சு கம்பளி இழையின் அமைப்பைப் படிச்சுக்கிட்டிருந்தார். சுருண்டு கிடக்கிற விதைப் புரதத்தைப் பிரிச்சு நீட்டினா அதையும் கம்பளி மாதிரி இழையாக்கலாமே என்று 1930-களில் அவருக்கும், சிப்னல் என்ற உயிர்வேதியியலாளருக்கும் தோணியது. ஐசிஐ கம்பெனி அதைக் கையில் எடுத்தது. ஸ்காட்லாந்தில் ஆர்டீர் என்ற ஊரில் இருந்த அவங்களோட வெடிமருந்து ஆலையில் ஆய்வு நடந்ததால் நூலுக்கு ஆர்டில் என்று பேர். எண்ணெய் எடுத்த கடலைப் பிண்ணாக்கிலிருந்து புரதத்தைக் காரத்தில் கரைச்சு, நுண்துளை வழியா அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சி, கடைசியில் வழக்கம்போல ஃபார்மால்டிஹைடு. வெளிர் மஞ்சளா, மெத்துன்னு, கம்பளி மாதிரியே சூடு காக்கும். பூச்சி அரிக்காது. ஆஸ்ட்பரி வேர்க்கடலையில் நெய்த ஒரு ஓவர்கோட்டையே போட்டுக்கிட்டு சுத்தினார்.

1951-ல் டம்ஃப்ரீஸ் நகரத்தில் பெரிய ஆலை திறந்தாங்க. 1957-ல் மூடிட்டாங்க. ஆறே வருஷம். காரணம்? ஈரமானா நூல் வலுவிழந்துடும், தனியா நெய்ய முடியாது, கம்பளியோட கலந்துதான் ஆகணும். அதே சமயத்தில் டெரிலின் வந்துட்டுது. நம்ம அப்பா, சித்தப்பாக்கள் கல்யாண ஆல்பத்தில் மினுமினுன்னு போட்டிருக்காங்களே அந்த டெரிலின்தான். துவைச்சு உதறினா காய்ஞ்சுடும், இஸ்திரி கூட வேணாம். இதில் வேடிக்கை என்னன்னா, டெரிலினைத் தயாரிச்சு வித்ததும் அதே ஐசிஐ. 1933-ல் பாலித்தீனைத் தற்செயலாக் கண்டுபிடிச்சதும் அதே ஐசிஐ. ஒரே கம்பெனியோட ஒரு கை மக்குற நூலை நூத்துக்கிட்டிருந்தது, இன்னொரு கை இன்னைக்கு நாம ஒழிக்க வழி தெரியாம முழிக்கிற பையைப் பெத்தெடுத்தது. பிழைச்சது எதுன்னு சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் மக்காச்சோளப் புரதத்தில் செஞ்ச விகாரா என்ற நூலும் 1948-ல் வந்து அதே 1957-ல் கடையைக் கட்டிடுச்சு.

இந்த ஆட்களை முட்டாள்கள்னு சொல்ல எனக்கு மனசு வரலை. அவங்க கையில் இருந்த அளவுகோல் அது. கம்பளி, எஃகு, நைலான் கூடப் போட்டி போட்டா தண்ணியில் கரையறது தோல்விதான். குப்பைக்கிடங்கு என்ற ஒரு அளவுகோல் அவங்க கேள்வித்தாளிலேயே இல்லை. மக்குறதை அவங்க மக்குத்தனமா நினைச்சது நியாயம்தான் (மன்னிக்கவும், கை பரபரத்துடுச்சு).

கேள்வித்தாள் மாறினது பிற்பாடு. 1990-களில் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சோயாப் புரத பிளாஸ்டிக்கைத் திரும்பத் தூசி தட்டினாங்க. இந்தத் தடவை முன்னாடி எழுதின கண்டிஷன் வேற: மக்கணும். அப்படின்னா பீனால் ரெசினைத் தொடக் கூடாது. ஃபார்மால்டிஹைடும் வேணாம், 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்கள் பட்டியலில் சேர்த்துட்டுது. ஆக, பாயர் மாட்டிக்கிட்ட அதே அப்பளப் பிரச்சினைக்கு அவர் கையில் இருந்த ரெண்டு ஆயுதமும் இல்லாம பதில் கண்டுபிடிக்கணும்.

ஒரு பதில் கடற்கரையிலிருந்து வந்தது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கைசாங் லீ, அலை அடிக்கிற பாறையில் சிப்பி எப்படி ஒட்டிக்கிட்டு இருக்குன்னு கவனிச்சார். அதுவும் புரதம்தான், தண்ணியிலேயே கிடக்கு, விடமாட்டேங்குது. சிப்பிப் புரதத்தில் இருக்கிற சில வேதி அமைப்புகளை சோயாப் புரதத்தில் ஏற்றி ஒரு பசை செஞ்சார். ஃபார்மால்டிஹைடு இல்லாத ப்ளைவுட் அதில் வந்தது, 2005 வாக்கிலிருந்து ஒரு பெரிய அமெரிக்க ப்ளைவுட் கம்பெனி வியாபாரமாவே செய்யுது. பிளாஸ்டிக் இல்லை, பசைதான். ஆனா ஈரத்தை இப்படியும் சமாளிக்கலாம் என்பதுக்கு சாட்சி.

இன்னொன்று கேம்பிரிட்ஜில். டுவோமாஸ் நோல்ஸ் குழு 2021-ல் வெளியிட்ட ஆய்வில் வெளியிலிருந்து எந்தப் பாலமும் போடலை. சோயாப் புரதத்தை அசிட்டிக் அமிலத் தண்ணீரில் (நம்ம வினிகர் வகையறா) போட்டு, சூடும் அதிரொலியும் கொடுத்து முழுசாக் கரைச்சு, ஆறும்போது சங்கிலிகள் தாமாகவே ஒண்ணோடொண்ணு அடுக்கிக்கொள்ள விட்டாங்க. சிலந்தி நூலின் உறுதிக்குக் காரணமான அதே மாதிரி ஹைட்ரஜன் பிணைப்புகள். கிடைச்ச மெல்லிய தாள் சாதாரண பிளாஸ்டிக்குகளோட ஒப்பிடுகிற அளவுக்கு உறுதி. அந்த ஆய்வகத்திலிருந்து கிளைத்த கம்பெனி பட்டாணிப் புரதத்திலும் வேலை செய்யுது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 சட்டத்தில், வேதி மாற்றம் செய்யாத இயற்கைப் பாலிமர்கள் 'பிளாஸ்டிக்' என்ற வரையறைக்குள்ளேயே வராது. ரசாயனப் பாலம் போட்டா வந்துடும். அதனால் இது வெறும் அழகியல் பிரச்சினை இல்லை, காசுப் பிரச்சினை.

நாளைக்கே பாலித்தீன் பை ஒழியும்னு நான் நம்பலை. ஒரு ஷாம்பூ பாக்கெட்டு உள்ளே ஈரத்தை வச்சுக்கிட்டு கடையில் ரெண்டு வருஷம் தொங்கணும், குப்பையில் விழுந்த ரெண்டு மாசத்தில் மக்கணும். புரதத்துக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. விலையும் ஒரு பக்கம் உதைக்குது. என் கணிப்பு, ஒரே தடவை பயன்படுத்திட்டுத் தூக்கிப் போடற, ரொம்ப நாள் ஈரத்தில் இருக்கத் தேவையில்லாத சாமான்களில்தான் இது முதலில் ஜெயிக்கும்.

ஒருத்தர் கதையை அந்தரத்தில் விட்டுட்டேன், ராபர்ட் பாயர். கார் போனபிறகும் அவர் சோயாவை விடலை. சோயாப் புரதத்தை நூலாக்கி, கம்பளியோட கலந்து ஃபோர்டுக்கு 1941-லேயே ஒரு சூட்டே தைச்சுக் கொடுத்திருந்தாங்க. 1943-ல் அந்த நூல் ஆலை டிராக்கெட் என்ற கம்பெனிக்குக் கைமாறிச்சு, பாயரும் கூடவே போனார். துணியா அது தேறலை, ஈரமானா தொளதொளன்னு ஆகிடும். அப்போ அவர் யோசிச்சது, ஃபார்மால்டிஹைடு போடாம விட்டா இது வெறும் புரத நார்தானே, சாப்பிட்டா என்ன? சோயா நாரை இறைச்சி மாதிரி அடுக்கும் முறைக்கு 1954-ல் காப்புரிமை கிடைச்சது. 1960-களில் அமெரிக்கக் கடைகளில் சோயா நாரில் செஞ்ச பன்றிக்கறித் துணுக்குகள் வந்துச்சு. நம்ம ஊர் மீல்மேக்கர் நூற்பு முறையில் வர்றது இல்லை, அது மாவை அழுத்திப் பிதுக்குற வேற முறை. ஆனா கச்சாப்பொருள் அதேதான், எண்ணெய் எடுத்த அதே சோயா மாவு. குருமாவில் போடறதுக்கு முன்னாடி வெந்நீரில் ஊற வைக்கிறோமே, பாயரை வருஷக்கணக்கா அழ வச்ச அந்த ஊறல்தான் அது.